கால் முதலில் வந்த டாக்டரம்மா

பச்சையம்மாள் இந்த உலகத்துக்கு முதன்முதலாகக் காட்டியது முகத்தை அல்ல, இடது காலை. கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போகிற சாலையில், இரண்டு பக்கமும் கரும்பு நிற்க, ஓடிக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ் வண்டிக்குள் அந்தக் கால் வெளியே வந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பொறுத்திருக்கலாமே என்று வண்டியிலிருந்த எல்லோரும் அபிப்பிராயப்பட்டார்கள். கால் அந்த அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை. வண்டியில் வந்த உதவியாளர் கெட்டிக்காரர். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, வேர்த்துக் கொட்டக் கொட்ட, காலுக்குப் பின்னால் இடுப்பையும் இடுப்புக்குப் பின்னால் தலையையும் பத்திரமாக வரவழைத்துவிட்டார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

கள்ளக்குறிச்சி இன்னும் தனி மாவட்டம் ஆகாத காலம் அது. ஆனால் பச்சையம்மாளுக்குப் பதவி அன்றைக்கே வந்துவிட்டது. காலால் பிறந்த பிள்ளையின் பாதம் பட்டால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது அந்தப் பக்கத்தில் விவாதத்துக்கு அப்பாற்பட்ட சங்கதி. அங்கே இடுப்புக்குப் பஞ்சமில்லை. கரும்பு வெட்டக் குனிய வேண்டும், நாற்று நடக் குனிய வேண்டும், களை எடுக்கக் குனிய வேண்டும், நிலத்துக்காரர் வண்டி நிறுத்தினால் கொஞ்சம் கூடுதலாகக் குனிய வேண்டும். இப்படிக் குனிந்தே பிழைக்கிற ஊரில், முன்பு இந்த வேலையைப் பார்த்துவந்த இருசப்பன் பிழைப்பைத் தேடித் திருப்பூருக்குப் போய்விட்டதால் இடம் காலியாகக் கிடந்தது. அதற்குப் பச்சையம்மாள் போட்டியின்றித் தேர்வானாள். முகம் பார்த்துச் சிரிக்கப் பழகுவதற்குள் ஊர் அவளை 'டாக்டரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

டாக்டரம்மாவின் நிர்வாகப் பொறுப்பை அப்பாவின் அம்மாவான ராஜாம்பாள் எடுத்துக்கொண்டாள். ராஜாம்பாள் நாற்பது வருஷம் நடவுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவள். ஒழுங்கில்லாத எதுவும் அவளுக்குப் பிடிக்காது. செவ்வாயும் ஞாயிறும்தான் பார்ப்பது. பொழுது கிளம்பும்போது வர வேண்டும். வெறும் வயிற்றோடு வர வேண்டும். வெற்றிலை பாக்கு கொண்டுவரலாம், துட்டு நீட்டக் கூடாது. வருகிறவர் சுவரைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். பிள்ளையின் பாதத்தை அவர் இடுப்பில் வைத்து மேலிருந்து கீழே மூன்று தரம் இழுக்க வேண்டும். கடைசியாக ஒரு சட்டம் போட்டாள். அதுதான் மருமகள் தங்கமணியின் தலையில் விழுந்தது.

"பெத்தவ கையால புடிச்சாத்தான் பலிக்கும். கண்டவங்க கையில புள்ளயக் குடுக்க மாட்டோம்."

இந்தச் சட்டம் முன்னோர் சொன்னதல்ல. எதிர்வீட்டுக்காரி ஒருத்தி பிள்ளையைத் தூக்க ஆசையாகக் கை நீட்டினாள். அவள் கண் பொல்லாத கண் என்பது ராஜாம்பாளின் கட்சி. அந்த நிமிஷத்தில் ராஜாம்பாள் வாயிலிருந்து பிறந்த சட்டம் அது. ஆனால் வாயைவிட்டு வந்தபின் அதற்கும் ஆயிரம் வருஷப் பழமை வந்து சேர்ந்துவிட்டது.

பெற்றவள் தங்கமணிக்கு வயது இருபத்துநாலு. மணலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வீரமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஊருக்கெல்லாம் இடுப்புக் குணமாகிக்கொண்டிருந்த அந்த நாளில், சொந்த இடுப்பு போய்க்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். முதுகெலும்பு முடிகிற இடத்தில், வெட்டிய கரும்பின் அடிக்கட்டை குத்துவதைப் போல எந்நேரமும் ஒரு வலி. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அங்கிருந்து இடது தொடை வழியாகக் கீழே கரண்டு மாதிரி ஒன்று இறங்கும். இறங்கி முடித்ததும் அந்தக் கால் இருக்கிற இடமே தெரியாது. சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டுவிடும். குனிந்து கண்ணால் பார்த்துத்தான் கால் அங்கேயே நிற்கிறது என்று அவள் உறுதிப்படுத்திக்கொள்வாள்.

பிள்ளை கையில் இருக்கும்போது அது நடந்தால்?

இந்தக் கேள்வியைத் தங்கமணி யாரிடமும் கேட்கவில்லை. காரணம், அடுத்த தெரு சாலம்மாள். பிள்ளை பெற்றபின் அவளுக்குக் கால் இழுத்துக்கொண்டது. 'கொஞ்ச நாள் அம்மா வூட்டுல இருந்து ஒடம்பத் தேத்திக்கினு வா' என்று மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். பிள்ளையை மட்டும் இங்கேயே வைத்துக்கொண்டார்கள், அவளால் தூக்க முடியாதே என்ற கரிசனத்தில். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. அதனால் தங்கமணி முதுகு வலிக்கிறது என்று மட்டும் சொல்வாள். காலைப் பற்றி மூச்சு விட மாட்டாள்.

முதுகு வலிக்கு ராஜாம்பாள் குறை வைக்கவில்லை. நொச்சித் தழை போட்டுக் காய்ச்சிய வெந்நீரைச் சொம்பில் மொண்டு, மருமகளின் இடுப்பில் விசிறி விசிறி அடிப்பாள். பழைய புடவையைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டுவாள். சுக்கும் மிளகும் இடித்து உருண்டை பிடித்து வாயில் திணிப்பாள். அடிக்கிற நேரத்துக்குச் சுகமாகத்தான் இருக்கும். தண்ணீர் வடிந்ததும் கரும்புக் கட்டை பழைய இடத்துக்கு வந்துவிடும்.

பிள்ளைக்குத் தடுப்பூசி போடக் கள்ளக்குறிச்சிக்குப் போன அன்று, தங்கமணி பெஞ்சிலிருந்து எழுந்த விதத்தைப் பார்த்த டாக்டர், ஒரு சீட்டு எழுதி பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கே தனசேகரன் இருந்தார். முப்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டவர். ஆண்பிள்ளை என்று கண்டதும் ராஜாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகி, மருமகளுக்கும் அவருக்கும் நடுவில் வேலிக்கல் மாதிரி நின்றுகொண்டாள்.

"எங்க வலிக்குதும்மா?"

"இடுப்புல சார்," என்றாள் ராஜாம்பாள்.

"உங்களுக்கா?"

"அவளுக்கு."

"கால் மரத்துப் போவுதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். எங்க வூட்டுல யாருக்கும் அப்படி வந்ததில்ல."

தங்கமணி தனசேகரனைப் பார்த்த பார்வையில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஆயா, ஊசி போட்ட அட்டையைக் கொஞ்சம் வாங்கிக்கினு வாங்க. அங்கயே வுட்டுட்டு வந்துட்டீங்க போல" என்றார்.

"ஆயாவாம்!" என்று கதவு வரைக்கும் முனகிக்கொண்டே போனாள் ராஜாம்பாள். அவளுக்கு ஆயா என்ற பட்டம் இன்னும் உடம்பில் ஒட்டவில்லை.

அவள் திரும்பி வருவதற்குள் தங்கமணி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தனசேகரன் ஒரு சின்னச் சுத்தியலால் முட்டியைத் தட்டிப் பார்த்தார். பாதத்தின் அடியில் சாவியால் கீறிப் பார்த்தார்.

"நரம்ப லேசா அமுக்குது. வயித்துச் சதையும் இடுப்புச் சதையும் பிரசவத்துல தளர்ந்துபோச்சி, முதுகத் தாங்க ஆளில்ல. இப்ப பயப்பட வேணாம். கவனிக்காம வுட்டா பயப்படணும்."

"புள்ளயக் கீழ போட்டுடுவனா சார்?"

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "புள்ளய நெஞ்சோட அணைச்சித் தூக்குங்க. கைய நீட்டித் தூக்கவே கூடாது. கால் போவுதுன்னு தோணிச்சின்னா நின்னு சமாளிக்கப் பாக்காதீங்க. புள்ளய மார்ல இழுத்துக்கினு, முட்டிய மடக்கி அப்படியே கீழ ஒக்காந்துடுங்க. ஒக்கார்றது ஒண்ணும் கேவலம் இல்ல."

கையை நீட்டிப் பிடிப்பதுதான் டாக்டரம்மாவின் தொழிலே என்று சொல்லத் தங்கமணிக்கு வெட்கமாக இருந்தது.

ராஜாம்பாள் அட்டையோடு உள்ளே நுழைந்தபோது, கண்ணாடி போட்ட அரசாங்க உத்தியோகஸ்தர் சிமெண்டுத் தரையில் மல்லாக்கப் படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பை வானத்தைப் பார்க்கத் தூக்கிக்கொண்டிருந்தார். "அடி வயித்த உள்ள இழுத்துக்கினு, மெதுவா தூக்கி, மெதுவா எறக்கணும். கெட்டித் தரையில செய்யணும், கட்டில்ல கூடாது. எழுந்திருக்கும்போது பக்கவாட்டுல பொரண்டு, கைய ஊனி எழுந்திருங்க. காலைலயும் சாயந்திரமும் வுடாம செய்ங்க." பொம்பளைகளைத் தொடாமல் சொல்லிக்கொடுப்பது அவர் வழக்கம். ஆனால் ராஜாம்பாளுக்கு அது எதுவும் காதில் விழவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தபின்தான் வாய் வந்தது.

"படிச்ச புள்ள. பாவம். அதுக்கு இன்னா கஷ்டமோ."

வீட்டில் இந்த வைத்தியத்துக்கு இடமே கிடைக்கவில்லை. பால் கொடுக்கிறவள் சிமெண்டுத் தரையில் படுத்தால் குளிர்ச்சி பாலில் இறங்கிப் பிள்ளைக்குச் சளி கட்டும் என்பது ராஜாம்பாளின் முதல் ஆட்சேபணை. இரண்டாவது ஆட்சேபணையை அவள் சொல்லவில்லை. அது தானாக அரங்கேறியது. ஒரு நாள் தங்கமணி கதவைச் சாத்திவிட்டு, கோரைப்பாயை விரித்துப் படுத்து இடுப்பைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து முறம் தேடிக் கதவைத் தள்ளினாள் ராஜாம்பாள். சாத்திய அறை, விரித்த தலைமுடி, மல்லாந்த மருமகள், மேலே எழும்பி எழும்பித் தணியும் இடுப்பு. எந்த மாமியார் இதைப் பார்த்துவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போவாள்?

"அய்யோ, மருமவள ஏதோ புடிச்சிக்கிச்சி! ஓடியாங்களேன்!"

தெருவே வந்துவிட்டது. வேப்பிலை வந்தது. ஒருத்தி காலைப் பிடித்துக்கொண்டாள், ஒருத்தி தலையைப் பிடித்துக்கொண்டாள். "எக்சசைசுங்க, எக்சசைசு" என்று தங்கமணி கத்தக் கத்த, பேய் இங்கிலீஷ் பேசுவதாக ஒரு கிழவர் அபிப்பிராயம் சொன்னார். கடைசியில் வீரமுத்து வந்துதான் விளக்கம் சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தான். அன்றிலிருந்து கதவைச் சாத்துவதும் கூடாது, தரையில் படுப்பதும் கூடாது என்று உத்தரவு.

டாக்டரம்மாவுக்கோ கூட்டம் ஏறிக்கொண்டே போனது. எடையும் ஏறிக்கொண்டே போனது. செவ்வாய், ஞாயிறு என்றால் தங்கமணிக்கு முந்தின ராத்திரியே சோறு இறங்காது. பிள்ளையின் அக்குளில் கையைக் கொடுத்து, உடம்பைவிட்டுத் தள்ளிப் பிடித்து, அடுத்தவன் இடுப்பு உயரத்துக்குக் குனிந்து இழுக்க வேண்டும். தனசேகரன் செய்யக் கூடாது என்று சொன்னது முழுவதும் இந்த ஒரு வேலைக்குள் அடங்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது இழுப்பில் கால் போய்விட்டது. தோளைச் சுவரில் சாய்த்து, பல்லைக் கடித்து, மூன்றாவதையும் இழுத்து முடித்தாள். வந்தவர், "இன்னாமா, கை இப்படி நடுங்குது" என்றார். "அம்மன் அருளு" என்று ராஜாம்பாள் பதில் சொல்லிவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் மலையிலிருந்து ஜீப்பு வந்தது.

அதை அனுப்பிய நிலத்துக்காரர் ஆதிமூலத்துக்கு, கீழே கோமுகி அணைப் பாசனத்தில் கரும்புக் காடு, மேலே கரியாலூரில் மரவள்ளித் தோட்டமும் ஒரு வீடும் உண்டு. சேலத்திலிருந்து வந்திருந்த சம்பந்தி வீட்டாரிடம் தன் வாலிபத்தை நிரூபிப்பதற்காக, முந்தின நாள் காலை அவர் ஒரு மூட்டை மரவள்ளிக் கிழங்கைத் தூக்கினார். மூட்டை வந்தது, இடுப்பு வரவில்லை. பாதிக் குனிந்த நிலையில் அப்படியே பிடித்துக்கொண்டது. உட்கார முடியாமல், படுக்க முடியாமல், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ராத்திரி முழுக்க நின்றிருக்கிறார்.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாமில்ல?" என்றான் வீரமுத்து.

"இத்தினி வளைவு எறக்கி எப்படிங்க இட்டுக்கினு வர்றது? வண்டில கைய வெச்சாலே கத்துறாரு," என்றான் டிரைவர். "டாக்டரம்மான்னா மேல ஏறியே வருவாங்கன்னு அய்யாதான் அனுப்பினாரு."

தங்கமணி வாசற்படியில் நின்றபடி, "அத்த, மலைக்கு வேணாம். கைப்புள்ள, குளிரு தாங்காது" என்றாள்.

"கம்பளி சுத்திக்கலாம்."

"செவ்வாக்கெழம கூட இல்லியே அத்த. வியாழக்கெழம."

சட்டம் போட்டவளுக்குத் தூக்கி வாரிப் போட்டது. ஆனாலும், "அவரு காட்டுலதான நீங்க ரெண்டு பேரும் ஜோடியா வெட்டுறீங்க? போவலன்னா, வெட்டு ஆரம்பிக்கறப்ப அடுத்த ஜோடியக் கூப்புட்டுக்குவாரு. ஏறுடி" என்றாள்.

வியாழக்கிழமை செவ்வாய்க்கிழமை ஆயிற்று. ஏறினார்கள்.

ஜீப்பின் பின்பக்கப் பலகையில் தங்கமணி பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அடிவாரம் தாண்டியதும் முதல் வளைவு. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தபோது கரும்புக் கட்டை ஒரு பக்கம் குத்தியது. அடுத்த வளைவில் மறுபக்கம். டிரைவருக்கு அவசரம், பள்ளம் வந்தால் அதை ஒரு தாவலில் கடந்துவிடுவதே உத்தமம் என்ற கொள்கைக்காரன். ஒவ்வொரு தாவலுக்கும் கரண்டு தொடை வழியாக இறங்கியது. பாதி மலையில், கீழே அணைத் தண்ணீர் தட்டு மாதிரித் தெரிந்த இடத்தில், இடது கால் போய்விட்டது. விரலை ஆட்டிப் பார்த்தாள். செருப்புக்குள் யாருடைய விரல்களோ இருந்தன.

கரியாலூரில் பனி தரையோடு தரையாக ஓடிக்கொண்டிருந்தது. வீடு மேட்டில், ஒழுங்கில்லாத கருங்கல் படிகள். தங்கமணி இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் பார்த்துக் காலைத் தரையில் வைத்தாள்.

"குடு, நான் தூக்கியாறேன்," என்றான் வீரமுத்து. அவன் முகத்தைப் பார்க்காமலே பிள்ளையைக் கொடுத்தாள்.

"வாசல் வரிக்கும் தூக்கு. உள்ள அவதான் தூக்கணும்," என்றாள் ராஜாம்பாள்.

உள்ளே ஆதிமூலம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோட்டத்தைக் குனிந்து கும்பிடுவதைப் போல நின்றிருந்தார். ஆள் பெரிய ஆள். வேட்டியின்மேல் துண்டைக் கட்டி, முதுகு முழுக்கத் தைலம். சம்பந்திகள் சுவரோரம் நாற்காலிகளில் உட்கார்ந்து கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்க்க முடியாததால் அவர் ஜன்னலைப் பார்த்தே பேசினார்.

"வந்துட்டாங்களா? சீக்கிரம் பாக்கச் சொல்லு."

வீரமுத்து பிள்ளையைக் கொடுத்தான். தங்கமணி வாங்கினாள். சிவப்பு சிமெண்டுத் தரை, நன்றாகத் தேய்த்து மெழுகுப் பூச்சு ஏற்றிய தரை. சாய்ந்துகொள்ளப் பக்கத்தில் சுவர் இல்லை. வலது காலில் முழு எடையையும் வைத்து, பிள்ளையின் அக்குளில் கைகளைக் கொடுத்துத் தள்ளிப் பிடித்தாள். டாக்டரம்மா கொட்டாவி விட்டாள்.

முதல் இழுப்பு. ஆதிமூலம் "ம்ம்" என்றார்.

இரண்டாவது இழுப்பு. தங்கமணியின் மேலுதட்டில் வேர்வை பூத்தது. வலது முட்டி நடுங்க ஆரம்பித்தது. இரண்டு காலின் வேலையை ஒரு கால் எவ்வளவு நேரம் பார்க்கும்?

மூன்றாவதுக்குப் பிள்ளையை மேலே உயர்த்தினாள். கரண்டு வந்தது. இந்தத் தடவை இறங்கவில்லை, வெட்டியது. இடது காலில் மிச்சமிருந்த பிடிப்பும் போய்விட்டது. உடம்பு அந்தப் பக்கமாகச் சரிவதும், கைகள் நீண்டிருப்பதும், பிள்ளையின் தலைக்குக் கீழே சிவப்புத் தரை பளபளப்பதும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. 'சமாளிக்கப் பாக்காதீங்க.' அவள் சமாளிக்கப் பார்க்கவில்லை. கைகளை மடக்கிப் பிள்ளையை மார்புக்குள் இழுத்தாள். முட்டிகளை விட்டாள். தொம்மென்று தரையில் விழுந்தாள்.

சத்தம் வீட்டை நிரப்பியது.

"இன்னா சத்தம் அது?" என்றது ஜன்னலைப் பார்த்திருந்த குரல். "புள்ளயக் கீழ போட்டுட்டாளா?"

தங்கமணி குனிந்து பார்த்தாள். டாக்டரம்மா கண்ணை அகல விழித்து, அம்மாவின் தாலிக்கயிற்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். ஒரு கீறல் இல்லை. ஆனால் நாற்காலிகள் பார்க்கின்றன. வீரமுத்து பார்க்கிறான். ராஜாம்பாள் பார்க்கிறாள். எழுந்திருக்கலாம் என்றால் கால் இல்லை. கால் இல்லை என்று சொன்னால், இன்று சாயங்காலமே மணலூர்பேட்டைக்கு மூட்டை கட்டுவார்கள், பிள்ளை இல்லாமல்.

"இல்லீங்க ஐயா," என்று தன் குரலைத் தானே கேட்டாள். "டாக்டரம்மாதான் கீழ எறங்கிட்டாங்க. நின்னுகினு இருக்கறவங்கள இங்க பாக்க மாட்டாங்களாம். நீங்களும் கீழ வரணுங்க."

இப்படி ஒரு சட்டம் கிடையாது என்பது இந்த உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். ராஜாம்பாளின் வாய் திறந்தது. அவள் பார்வை மருமகளின் முகத்திலிருந்து இறங்கி, புடவைக்கு வெளியே மடங்கிக் கிடந்த இடது காலில் நின்றது. பாதம் எந்தப் பக்கமோ பார்த்துக்கொண்டு, யாரோ போட்டுவிட்டுப் போன விறகுக் கட்டை மாதிரிக் கிடந்தது. ராஜாம்பாள் அதையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தங்கமணி பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"ஆமாங்க ஐயா," என்றாள் ராஜாம்பாள் கடைசியில், நடவுக் கூட்டத்துக்கு உத்தரவு போடுகிற அதே குரலில். "அடிவாரத்துல ஒரு மொற, மலைக்கு ஒரு மொற. மலையில படுக்க வெச்சித்தான் பாக்கறது. புடிங்கப்பா, ஐயாவத் தாங்கிப் புடிங்க."

தோட்டத்து ஆட்களும் சம்பந்திகளும் சேர்ந்து பிடித்து, அவர் போட்ட கூச்சலில் மரத்துக் காக்கையெல்லாம் பறக்க, ஆதிமூலத்தைத் தரைக்கு இறக்கி, மல்லாக்கக் கிடத்தி, முட்டியை மடக்கிவைத்தார்கள். பக்கத்தில் கம்பளியை விரித்து டாக்டரம்மாவைக் கிடத்தினாள் தங்கமணி. அவளால் எழுந்திருக்க முடியாது. ஆகவே கம்பளிக்கு அந்தப் பக்கம் அவளும் படுத்து, இடது காலைக் கையால் பிடித்து மடக்கிவைத்துக்கொண்டாள்.

நாற்காலிகள் நெளிந்தன. அந்த வீட்டில் கரும்பு வெட்டுகிறவர்கள் கொல்லைப்புறம் தாண்டி உள்ளே வந்ததே அன்றுதான் முதல் தடவை. இதில் ஒருத்தி நிலத்துக்காரருக்குச் சமதையாகக் கூடத்தில் படுத்திருக்கிறாள். ஆனால் முறைப்படி முறைக்க வேண்டியவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்புப் பிடித்தவருக்கு அந்தஸ்து ஞாபகம் வருவதில்லை.

"இப்ப இன்னா செய்யணும்?" என்று கூரையைக் கேட்டார்.

"அடி வயித்த உள்ள இழுங்க ஐயா. மெதுவா இடுப்பத் தூக்குங்க. நூலளவு தூக்கினா போதும். என்னியப் பாருங்க." அவள் தூக்கிக் காட்டினாள். வாரக்கணக்கில் மறுக்கப்பட்டிருந்த இடுப்பு சந்தோஷமாக எழும்பியது. "மெதுவா எறக்குங்க. மூச்ச வுடுங்க."

"அய்யோ… ம்ம்… எறக்கிட்டேன்."

"இன்னொரு தரம்."

டாக்டரம்மா தன் கடமையை மறக்கவில்லை. கம்பளியில் கிடந்தபடி, கிடைத்த பக்கமெல்லாம் உதைத்தாள். ஒரு காலால் ஆதிமூலத்தின் விலாவை, மறு காலால் அம்மாவின் விலாவை. ஒவ்வொரு உதைக்கும் ராஜாம்பாள், "பட்டுச்சி, பட்டுச்சி" என்று சபைக்கு அறிவித்தாள்.

கொஞ்ச நேரம் அப்படியே போனது. ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து போனது. பிறகு ஆதிமூலம், தூக்காமல், சும்மா கிடந்தபடி, "அப்பாடா" என்றார். முந்தின நாளிலிருந்து அந்த வீடு கேட்காத சத்தம் அது. பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி, அவர் எழுந்தபோது முக்கால்வாசி நிமிர்ந்துவிட்டார். மீதிக் கால்வாசியை வயதின் கணக்கில் வைக்கலாம். சம்பந்திகள் எழுந்து டாக்டரம்மாவின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அந்தச் சந்தடியில், கம்பளிக்கு அந்தப் பக்கம் நடந்ததை யாரும் கவனிக்கவில்லை. தங்கமணியின் இடது காலில் முதலில் எறும்பு ஊர்ந்தது, அப்புறம் ஊசி குத்தியது, அப்புறம் குளிர்ந்தது. தரை குளிர்ச்சி என்று காலுக்குத் தெரிந்தது. அவளும் பக்கவாட்டில் புரண்டாள், கையை ஊன்றினாள். யாரோ முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். திரும்பினாள். ராஜாம்பாள்.

இறங்கும்போது, "பள்ளத்துல தாவாம ஓட்டு, கைப்புள்ள கீது" என்று டிரைவரை அதட்டிவிட்டுத்தான் ராஜாம்பாள் வண்டியில் ஏறினாள். பிள்ளையைத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். தங்கமணி காலியான தன் கைகளைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டாயிற்றா? இப்படித்தானே சாலம்மாளிடமும் ஆரம்பித்தார்கள்? நாலைந்து வளைவு தாண்டியபின் மாமியார் கேட்டாள்.

"கால் எத்தினி நாளா இப்படி?"

"இவ பொறந்ததிலேர்ந்து அத்த."

"யாருக்குத் தெரியும்?"

"ஆஸ்பத்திரி சாருக்கு மட்டும்."

ராஜாம்பாள் வெளியே பார்த்தாள். அணைத் தண்ணீர் திரும்பத் தெரிந்தது. "எனக்கு உன் புருசன் பொறந்ததிலேர்ந்து" என்றாள். "பொறந்த பதினாறாம் நாளு சாமி கும்புட்டதும் நடவுக்கு எறக்கி வுட்டுட்டாங்க. சேத்துல நின்னா கால் மரத்தது யாருக்குத் தெரியும், எனக்கே தெரியாது."

முன் சீட்டிலிருந்த வீரமுத்து, தன்மேல் எந்தப் பிரிவில் வழக்குப் பதிவாகிறது என்று புரியாதவனாக, கழுத்தைத் திருப்பாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"அந்தக் கண்ணாடிக்காரப் புள்ள சொன்னத இனிமே தெனம் செய்யி," என்றாள் ராஜாம்பாள். "சளி கட்டினா கட்டட்டும், பாத்துக்கலாம்." பிள்ளையைத் தூக்கித் தங்கமணியின் நெஞ்சோடு வைத்து, முந்தானையை இழுத்து மூடிவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மலைச் சட்டம் அடிவாரத்துக்கும் அமலுக்கு வந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆதிமூலமே படுத்துத்தான் எழுந்தார் என்ற பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது? பொழுது கிளம்பும்போது வாசலில் கோரைப்பாய்கள் வரிசையாக விரியும். கரும்பு வெட்டுகிறவர்கள், நடவுக்காரிகள், பேய் இங்கிலீஷ் பேசியது என்று சொன்ன கிழவர் உட்பட, எல்லோரும் மல்லாந்து முட்டியை மடக்குவார்கள். நடுவில் கம்பளியில் டாக்டரம்மா. பக்கத்துப் பாயில் தங்கமணி. பிள்ளையைக் கையில் ஏந்திப் பிடிக்கிற வேலையே கிடையாது. "அடி வயித்த இழுங்க, தூக்குங்க" என்று அவள் குரல் கொடுத்ததும் தெருவே இடுப்பைத் தூக்கும். வரிசையில் வந்து ஆளுக்கு ஓர் உதை வாங்கிக்கொண்டு போவார்கள். தினமும் செய்தால்தான் உதை பலிக்கும் என்பது தங்கமணி சேர்த்த உபசட்டம்.

திரும்பக் கள்ளக்குறிச்சிக்குப் போனபோது தனசேகரன் முட்டியைத் தட்டிப் பார்த்தார், பாதத்தைக் கீறிப் பார்த்தார். தங்கமணி கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டாள். அவர் முகம் மலர்ந்தது.

"நல்லா செஞ்சிருக்கீங்க. வூட்டுல ஒத்தாச பண்றாங்களா?"

"தெருவே பண்றாங்க சார்," என்றாள் ராஜாம்பாள்.

ஒரு வருஷம் ஆவதற்குள் டாக்டரம்மா நடக்கப் பழகினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரு முழுக்க இடுப்பைத் தூக்கி வைத்திருந்த நேரத்தில், அவள் கம்பளியைவிட்டு எழுந்து, நோயாளிகளைத் திரும்பியும் பார்க்காமல், ஒரு கோழியைத் துரத்திக்கொண்டு ரோட்டுப் பக்கம் தத்தித் தத்திப் போனாள். அங்கே கரும்பு டிராக்டர் வரும் சத்தம். தங்கமணி புரண்டு, கையை ஊன்றி எழுந்து ஓடினாள். பிள்ளையின் முன்னால் போய் முட்டியை மடக்கி உட்கார்ந்து, நெஞ்சோடு அணைத்து எழுந்தாள். இடது கால் தரையில் அழுந்தி நின்றது. அதை அவள் குனிந்து பார்க்கவில்லை.

"பாத்துத் தூக்குடி!" என்று கடைசிப் பாயிலிருந்து குரல் வந்தது.

"நீங்க இடுப்ப எறக்காதீங்க அத்த," என்றாள் தங்கமணி.